நான் வற்ற வைத்த சாமித் தண்ணீர்

அறிவு கூடினால் சந்தோஷம் கூடுமா, குறையுமா என்று எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி சண்டை நடக்கும். நான் கொழும்பில் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். நிலத்துக்கு அடியில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. பட்டம் வாங்கியவன் என்பதால் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். நான் சோற்றுப் பார்சலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். ஏனென்றால், அறிவை மட்டுமே முதலாக வைத்து ஒரு லயத்துக்கே, வரிசையாக ஒட்டிக் கட்டிய அத்தனை வீட்டுக்கும், தண்ணீரை நிறுத்தியவன் நான். (கம்பெனிக்கு இது தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.)

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டவளைக்கு மேலே இருக்கிறது. மழைக்குப் பேர்போன இடம். வருடத்தில் முக்கால்வாசி நாள் கூரையில் தண்ணீர், சுவரில் தண்ணீர், படுக்கிற பாயில் தண்ணீர். குடிக்கத்தான் தண்ணீர் இருக்காது. அதற்கு மலையடிவாரத்து ஆற்றுக்கு இறங்கி, குடத்தோடு வழுக்குப் பாதையில் ஏறி வர வேண்டும். எங்கள் மேட்டு லயத்துக்கு மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. அதன் வெடிப்பிலிருந்து கை பருமனுக்குத் தண்ணீர் கொட்டும். அதில் ஒரு மூங்கிலைச் செருகிப் பீலி வைத்திருந்தார்கள். பாறைக்கு மேலே சரிவில் ஒரு கல், கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும், சுற்றிச் சிவப்புத் துணி. மாரியம்மன் கொடுத்த தண்ணீர். அந்தச் சரிவில் யாரும் மண்வெட்டி போடக் கூடாது, செருப்புக் காலோடு ஏறக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் எரியும்.

நான் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன். விடியற்காலையில் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன் என்னைப் பீலிக்குக் கீழே நிறுத்துவாள். முதல் சொட்டு தலையில் விழும்போது உயிர் போய்விடும். பிறகு அந்தக் குளிரே சுகமாகிவிடும். பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் மூன்று மிடறு குடித்துவிட்டுத்தான் போவேன். கணக்கில் நல்ல பெறுபேறு வந்ததற்கு நான் நன்றி சொன்னது கணக்கு வாத்தியாருக்கு அல்ல, அந்தக் கல்லுக்கு. அப்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. அந்த நாட்களின் சந்தோஷத்தை இப்போது எந்தக் கருவி வைத்துத் தேடினாலும் அகப்படவில்லை.

பிறகு நான் பல்கலைக்கழகம் போனேன். எங்கள் லயத்திலிருந்து போன முதல் ஆள். மண்ணையும் பாறையையும் பற்றிப் படித்தேன். இரண்டாம் வருட விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என் கையில் ஒரு சின்னச் சுத்தியல் இருந்தது. வழியில் கண்ட கல்லையெல்லாம் தட்டிப் பார்த்து "ம்ம்" என்று தலையாட்டுவேன். (அந்த "ம்ம்"முக்காகவே என்னைத் தூக்கி ஆற்றில் போட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் ஜனங்கள் நல்லவர்கள்.)

அந்த வருடம் கடுமையான வெயில். ஆறே நூலாகிவிட்டது. எங்கள் பீலி மட்டும் அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது. என் புத்தகங்களின்படி அப்படிக் கொட்டக் கூடாது. ஒரு நாள், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குத் தண்ணீர் போகும் தாங்கியைக் கழுவினார்கள். அன்றைக்குப் பீலி நின்றுவிட்டது.

"ஏம்மா தண்ணி வரல?" என்று கேட்டேன்.

"ஆத்தா இன்னைக்குத் தல முழுகுறா. நாளைக்கு வந்துருவா" என்றாள் அம்மா, மாவைப் பிசைந்துகொண்டே.

நான் சிரித்தேன். அம்மாவின் அறியாமையை நினைத்து மனம் இளகிச் சிரித்த சிரிப்பு அது. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மலை உச்சியில் காட்டு ஓரமாகத்தான் அந்தத் தாங்கி. அதிலிருந்து இரும்புக் குழாய் ஒன்று எங்கள் சரிவுக்குள் புதைந்து பங்களாவுக்குப் போகிறது. ஆக, குழாய் எங்கோ ஒழுகுகிறது, அந்த ஒழுக்குத்தான் எங்கள் மாரியம்மன். நிரூபிக்க வழி இருந்தது. தண்ணீரில் சாயத்தைக் கலந்து அது எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும் முறையை அந்த வருடம்தான் படித்திருந்தோம். பச்சைச் சாயத்தூள் ஒரு பைக்கற் என்னிடம் இருந்தது. குடித்தாலும் ஒன்றும் ஆகாத சாயம். ஒரு சிட்டிகை போதும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். நான் மலையேறிப் போய்த் தாங்கிக்குள் பைக்கற்றையே கவிழ்த்தேன்.

அரை மணி நேரத்தில் பீலி பச்சையானது. சாதாரணப் பச்சை அல்ல, கிளிப்பச்சை, வெயில் பட்டு மின்னியது. குடத்தோடு நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். எல்லாரையும் முந்திக்கொண்டு கத்தியது என் அம்மாதான்.

"வேப்பிலத் தண்ணி! ஆத்தா வேப்பிலய அரைச்சு ஊத்தியிருக்கா!"

அவ்வளவுதான். குலவை போட்டார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். நான் சற்றுத் தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, விஞ்ஞானியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் பங்களாவில் துரையின் மாமியார் குளித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து வந்தவர், நல்ல சிவப்பு. வெளியே வந்தபோது அப்படி இல்லை என்று பங்களா சமையற்காரர் பிறகு சொன்னார்.

துரை ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே கண்டாக்கையா. எங்கள் மலையை மேற்பார்வை பார்க்கிறவர். துரை புதிதாக வந்த சிங்கள இளைஞர், மரியாதையானவர். பச்சைத் தண்ணீரைக் கண்டதும் பீலிக்குக் கீழே விரலை நீட்டிப் பார்த்தார்.

"இது சாமி விஷயமுங்க தொரை. நம்ம தலையிடக் கூடாதுங்க" என்றார் கண்டாக்கையா. அதைச் சிங்களத்திலும் ஒருமுறை சொன்னார்.

அந்த நேரத்தில்தான் என் அம்மாவுக்குச் சாமி வந்தது. அம்மாவுக்கு அதற்குமுன் திருவிழாவில்கூட சாமி வந்ததில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வேப்பிலைக் கொத்தோடு ஆடினாள்.

"எவன்டா என் ஊத்துல கைய வச்சது? ஓடிருங்கடா! இந்த மண்ணத் தொட்டா வெளங்க மாட்டீங்கடா!"

துரை ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் ஜீப்பில் ஏறிப் போயிருப்பார். நான் முன்னால் வந்தேன். பெற்ற தாய் படிக்காத குறைக்கு ஊர் நடுவே ஆடுகிறாளே என்று எனக்கு அவமானம். துரைக்குக் கை கொடுத்து, ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ஐயா, இது தெய்வம் அல்ல, தங்கள் குழாய்.

கண்டாக்கையா என் காலை மிதித்தார். "ஐயா, என் கால மிதிக்கிறீங்க" என்று அவரிடம் பணிவாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். மாரியம்மன் ஆடியபடியே என் பக்கம் வந்தாள். முதுகில் மூன்று அடி, வேப்பிலையால். "வாய மூடுடா!" என்று தெய்வமே நேரில் வந்து சொன்னது. நான் கேட்கவில்லை. குச்சியை எடுத்து ஈர மண்ணில் தாங்கி, குழாய், பாறை, பீலி எல்லாம் வரைந்து, அம்புக்குறி போட்டுக் காட்டினேன். துரை என் தோளில் தட்டி, மிகவும் கெட்டிக்காரப் பையன் என்றார். திரும்பிப் பார்த்தேன். லயமே அமைதியாக நின்றது. என் அறிவைக் கண்டு மலைத்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குழாயைத் தோண்டிப் பார்க்க உத்தரவு. தோட்டத்தில் குழாய் வேலை பார்த்தவர் என் அப்பா. அதனால் அவரைத்தான் அனுப்பினார்கள். ஒத்தாசைக்கு நானும் போனேன், பெருமையோடு. துரையும் கண்டாக்கையாவும் பக்கத்தில் நின்றார்கள். அப்பா அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுத்து ஓரமாக வைத்தார். நான்கே வெட்டு. குழாய் தெரிந்தது. (எங்கே வெட்ட வேண்டும் என்று தேடாமல் எப்படி வெட்டினார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.)

"மூட்டுல துருப்புடிச்சிருக்குங்க தொரை" என்றார் அப்பா, நிமிர்ந்து பார்க்காமல்.

நான் குனிந்து பார்த்தேன். "துருவே இல்லையேப்பா. யாரோ திருகி லூசாக்கி விட்ட மாதிரில்ல இருக்கு!"

துரைக்குத் தமிழ் அரைகுறை. "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் விளக்க நான் வாயைத் திறந்தேன். கண்டாக்கையா என் சட்டைக் காலரைப் பிடித்து, "போய்த் தொரைக்குத் தேத்தண்ணி வாங்கிக்கிட்டு வாடா" என்று சரிவில் தள்ளிவிட்டார். உருண்டுதான் இறங்கினேன். நான் திரும்பி வந்தபோது குழாய் இறுக்கப்பட்டு, மண் மூடப்பட்டிருந்தது.

அன்று மாலை பீலி சொட்டுச் சொட்டாகி, பிறகு நின்றுவிட்டது. பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார்கள். அடுப்படியில் அம்மாவிடம் போய், "சாமி இல்லன்னு இப்பவாச்சும் ஒத்துக்கிறியாம்மா?" என்று கேட்டேன். ஆறுதலாகக் கேட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.

அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ பொறந்து அப்ப பதினாறு நாளு. நான் ஆத்துலேர்ந்து தண்ணி தூக்கிக்கிட்டு ஏறுறப்ப வழுக்கி விழுந்துட்டேன். ஒங்கப்பா அன்னைக்கே ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு மேல போனாரு. மறுநாளு கல்ல நட்டாரு. நான் குங்குமம் வச்சேன்."

"லயத்துல யார் யாருக்கும்மா தெரியும்?"

"ஒன்னயத் தவிர எல்லாத்துக்கும் தெரியும். கண்டாக்கையாவுக்குந் தெரியும்."

"தொரைக்குத் தெரிஞ்சிருந்தா?"

"அப்பாவுக்கு வேல போயிருக்கும். நாம குடியிருக்க இந்தக் காம்பராவும் போயிருக்கும்."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ பள்ளிக்கூடத்துல கட்டுரையா எழுதிப்புடுவ. பொறவு, நீ நம்பிக்கிட்டு அழகா குளிச்சுக்கிட்டு இருந்த. அத எதுக்குக் கெடுக்கணும்னு ஒங்கப்பாதான் வேணாம்னாரு."

அப்பா என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால் அழுது முடித்திருப்பேன். இரண்டு பிளாஸ்டிக் கேன்களை என் முன்னால் வைத்துவிட்டு, தானும் இரண்டை எடுத்துக்கொண்டு நடந்தார். விடுமுறை முடியும்வரை எங்கள் லயத்துக்கே நான் தண்ணீர் சுமந்தேன். மூன்றாம் நாளே முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன. ஆற்றுப் பாதையில் வழுக்குகிற இடம் எது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்த இடத்தில் பதினாறு நாள் பிள்ளைக்காரி ஒருத்தி குடத்தோடு விழுந்து கிடந்ததை நினைத்து, ஒருநாள் கேன்களைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன. லயத்துக்குத் தனிக் குழாய் வந்தது. தண்ணீர் வருவதும் வராததும் அதன் இஷ்டம். கண்டாக்கையா ஓய்வு பெற்றுவிட்டார். நடந்ததை எல்லாரும் மன்னித்துவிட்டார்கள், மறக்கத்தான் இல்லை. நான் வாசலில் கால் வைத்தால் போதும், உள்ளே யாராவது, "தம்பி வந்துருச்சு, பைப்ப மூடு!" என்பார்கள். சிரிப்பு கிளம்பும். அதுவரை பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். சித்தி மகள் யாரை விரும்புகிறாள், யார் வீட்டில் யாருக்குச் சண்டை, எதுவும் எனக்கு வராது. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து காப்பாற்றுகிற ஒரு பொய்க்குள் என்னையும் ஒருமுறை சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று எனக்கு ஏக்கம். பட்டச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தால் சேர்ப்பார்கள் என்றால், அடுத்த ரயிலிலேயே கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன்.

இந்தப் பொங்கலுக்கு மனைவி மாலாவோடு ஊருக்குப் போயிருந்தேன். மாலா லிந்துலைப் பக்கம். எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மழை இல்லை, லயத்துக் குழாயில் காற்றுத்தான் வந்தது. அப்படியும் பொங்கலன்று காலை லயத்துப் பெண்கள் அத்தனை பேர் தலையும் ஈரம். மாலாவும் ஈரத் தலையோடு, உதடு வெளுத்து, நடுங்கிச் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். குளிரில் அப்படி நடுங்கிச் சிரித்து நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன்.

"எங்க குளிச்ச?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குச் சொல்லக் கூடாதாம். மாமி சத்தியம் வாங்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

வாசற்படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கு ஏற்ற இறக்கம் நடக்க முடியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேலே எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கருவியே வேண்டாம். ஏறி நடந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன்.

"தண்ணி எங்கேர்ந்துப்பா வருது?" என்றேன்.

அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாமி குடுக்குதுப்பா" என்றார்.

"சரிங்கப்பா" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மெதுவாக வந்தது.

"நம்பிட்டானா?"

அப்பா உள்ளே பார்த்துச் சொன்னார்.

"நம்பிட்டான்."