ப்ராசஸருக்குச் சந்தனக் காப்பு

சந்தனம் குளிர்ச்சி என்பது உடம்பு விஷயத்தில் உண்மை. கம்ப்யூட்டர் விஷயத்தில் இல்லை. இதைச் சோதித்தே பார்த்துவிட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருக்க வேண்டும் (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சும்).

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மந்தைவெளியில் வீடு. கூடத்து மூலையில் நான் காலேஜ் படிக்கும்போது வாங்கிய டெஸ்க்டாப். அதைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அம்மா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போனதிலிருந்து இரண்டு வருஷமாக வாய்விட்டுப் பாடவில்லை. கேட்டால் "தொண்டை கட்டிண்டிருக்கு" என்பாள். அந்த வருஷம் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி அமெரிக்காவிலிருந்து போன் செய்து, "மாமி, இங்க ஆறு குழந்தைகள் இருக்கு. விஜயதசமிக்கு நீங்கதான் வீடியோல பாட்டு ஆரம்பிச்சு வைக்கணும்" என்று கெஞ்சினாள். அம்மா மூன்று நாள் யோசித்துச் சரி என்றாள். அன்று சாயங்காலம் அவள் பரண்மேல் இருந்த சுருதிப்பெட்டியை இறக்கித் துடைப்பதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆதம்பாக்கத்தில் இருக்கும் அக்கா உடனே, "என் லேப்டாப்பைக் கொண்டு வரேண்டா" என்றாள்.

"உன் லேப்டாப் எதுக்கு? என் மெஷின் பறக்கும், பாரு!"

பறக்கவில்லை. ஒத்திகையில் நிமிஷத்துக்கு ஒருமுறை அம்மா வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனாள். புத்தியுள்ளவன் அப்போதே அக்காவுக்குப் போன் போட்டிருப்பான். நான் ஓவர்கிளாக்கிங் செய்யக் கிளம்பினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ப்ராசஸரை, அதைச் செய்தவர்கள் சொன்ன வேகத்தைவிட அதிகமாக விரட்டி வேலை வாங்குவதுதான் ஓவர்கிளாக்கிங். என் ப்ராசஸரின் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அதை 3.2 வரைக்கும் ஓட்டலாம் என்று இணையத்தில் ஊர்பேர் தெரியாத மகான்கள் எழுதியிருந்தார்கள். "நல்ல மதர்போர்டு இருந்தால்" என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த வரியை மட்டும் என் கண் தாண்டிப் போய்விட்டது. ப்ராசஸரைத் தாங்கி அதற்குக் கரண்ட் கொடுக்கும் பலகைதான் மதர்போர்டு; என்னுடையது ஆபீசில் கடிதம் அடிக்கச் செய்த சாதா போர்டு. கல்யாணச் சமையல்காரரைக் கூட்டி வந்து ஒற்றை அடுப்பில் ஐநூறு பேருக்குச் சமைக்கச் சொன்ன கதைதான்.

வேகத்தைக் கூட்டினேன், மெஷின் நின்றது. வோல்டேஜைக் கூட்டினேன், ஓடியது. ஓடியது என்றால், தொண்ணூறு டிகிரிச் சூட்டில் ஓடியது. ப்ராசஸருக்கும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஃபேனுக்கும் நடுவே, சூட்டைக் கடத்த ஒரு பசை தடவியிருப்பார்கள். என்னுடையது காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. புதுப் பசை வாங்கலாம் என்று நினைத்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. கடைத்தெருவில் எல்லாக் கடையிலும் பூசணிக்காய் உடைத்துவிட்டுக் கதவை இறக்கியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரையும் பூஜையில் வைப்பது வழக்கம். சுருதிப்பெட்டி, பாட்டு நோட்டு, பக்கத்தில் சந்தனம் குங்குமம் இட்ட என் டெஸ்க்டாப். அன்றைக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, பாடக் கூடாது. (கழற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!) மத்தியானம் அம்மா சற்றுத் தூங்கினாள். ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து, ஃபேனைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி எடுத்தேன். நிமிர்ந்தால் எதிரே வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம். வெள்ளையாய், குழைவாய், பார்க்க அச்சு அசல் அந்தப் பசை மாதிரியே. போதாததற்குக் குளிர்ச்சி வேறு! சரஸ்வதியே எடுத்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு தடவினேன்.

ஃபேனை மாட்டி, மெஷினைப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு டிகிரி! ஈரச் சந்தனம் அப்படித்தான் காட்டும், காய்ந்தால் கரியும் என்று எனக்கு யார் சொல்வது? பூஜை இடத்தில் நின்று ஒரு குத்தாட்டமே போட்டேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் அக்கா லேப்டாப் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். ஏழரை மணியோடு நல்ல நேரம் முடிகிறது. ஏழேகாலுக்குத் திரையில் ஆறு குழந்தைகளும் பாவாடை சட்டையும் வேட்டியுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். படம் துளிக்கூட உறையவில்லை. அக்காவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். (அந்தப் பார்வைக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.)

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "சந்தன வாசனை வர்றது பாரேன்! அம்பாளே ஆத்துக்கு வந்த மாதிரி இருக்கு."

"கரிஞ்ச வாசனையும் சேர்ந்து வர்றதேம்மா" என்றாள் அக்கா.

திரையில் ஓரத்தில் இருந்த ஆறு வயது அனன்யா கையைத் தூக்கினாள். "மாமி, உங்க பக்கத்துல ஸ்மோக் வருது."

"அது ஊதுவத்திடா கண்ணா" என்று சொல்லிவிட்டு, அம்மா கண்ணை மூடி "ஸா" என்று பிடித்தாள். டப்! திரை இருண்டது. என் மெஷின் செத்தது.

அம்மா கண்ணைத் திறந்து இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. "போறும் விடு. எனக்குப் பாட்டு வேண்டாம்னு இருக்கு போல" என்று சொல்லிச் சுருதிப்பெட்டியை மூடப்போனாள். என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

அக்கா என் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "நம்பரைப் போடுடா, மடையா! இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு!" செத்த மெஷினின் கேபினெட் தலைமேல் போனைச் சாய்த்து வைத்தோம். அது மூன்றே நிமிஷத்தில் சூடாகி, அணையப் போகிறேன் என்று மிரட்டியது. இன்னொரு சாவு அந்த வீடு தாங்காது. பனையோலை விசிறியை எடுத்து வந்து, போனுக்கு விசிற ஆரம்பித்தேன்.

அம்மா மறுபடி "ஸா" என்றாள். முதலில் குரல் நடுங்கியது, பிறகு ஸ்ருதியில் நிலைத்து நின்றது. ஆறு பிஞ்சுக் குரல்கள் திருப்பிப் பாடின. முக்கால் மணி நேரம் வகுப்பு நடந்தது. முக்கால் மணி நேரமும் விசிறினேன். கை விட்டுப்போயிற்று, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது (புகையால் என்று அக்காவிடம் சொன்னேன்).

தி. நகரில் ரிப்பேர் செய்பவர் ஃபேனைக் கழற்றி மோந்து பார்த்தார். பிறகு, "இன்னா சார், சந்தனக் காப்பு சாத்திக்கீற?" என்றார். "ப்ராசஸரு உசுரோடதான் கீது. போர்டுதான் பூட்ச்சு. அது தாங்குற அளவு இம்மாத்தூண்டு. நீ பாட்டுக்கு ஓட்டிக்கினே இருந்தா அது இன்னா பண்ணும்?" என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு சரியாகத் திட்டியதில்லை.

பத்து வருஷம் ஆகிறது. அக்கா புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தும் அம்மா தொடவில்லை. அந்தச் செத்த கேபினெட்டின் மேல் போனைச் சாய்த்துத்தான் இன்றும் வகுப்பு எடுக்கிறாள், முப்பது குழந்தைகளுக்கு. ஆயுத பூஜை அன்று நான் கூடத்துக்குள் நுழைந்தாலே சந்தனக் கிண்ணத்தை முந்தானையால் மூடிவிடுகிறாள்.

போன டிசம்பரில் அனன்யா கச்சேரி கேட்க மெட்ராஸ் வந்தாள். ஆறு வயதுக் குழந்தை இப்போது என் உயரம். அம்மாவை நமஸ்காரம் செய்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "மாமி, அந்த விசிறி அண்ணா எங்க?" முதல் வகுப்பு முழுக்கத் திரையின் ஓரத்தில் ஒரு கையும் விசிறியும் வந்து வந்து போனதாம். அவர்கள் ஊரில் ஆறு வீட்டிலும் எனக்கு அதுதான் பெயராம்.

அக்கா சிரித்துச் சிரித்துச் சோபாவில் சரிந்தாள். அனன்யா பாட உட்கார்ந்தாள். அவள் ஸ்ருதி சேர்க்கும்போது அம்மா என் பக்கம் திரும்பி, "என்னடா பார்த்துண்டு நிக்கறே? குழந்தைக்கு வேர்க்கறது" என்றாள்.

தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் போய் விசிறியை எடுத்து வந்தேன்.