சிஞ்ஞோராவின் பம்ப்பைக் காயப்போட்ட கதை

பலெர்மோ,
சித்திரை மாதம்

என்றும் என் மரியாதைக்குரிய தில்லையம்பலம் அத்தானுக்கு,

சாவகச்சேரி வெயிலில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைக் கேட்காதீர்கள். தொலைபேசியில் சொல்ல முகம் இல்லாதபடியால்தான் இந்தக் கடிதம்.

முழங்கால் ஒப்பரேசனுக்கு ஊருக்குப் போகும்போது, "நான் வருமட்டும் பழுதில்லாமல் பாத்துக்கொள்ளு, விதுரன்" என்று ஸ்ஃபெர்ராகவால்லோ வீட்டுத் தோட்ட வேலையை என்னிடம் தந்தீர்கள். அந்த வேலைக்கு நான் உலை வைத்துவிட்டேன். குளிர் தொடங்க வீட்டுக்காரச் சிஞ்ஞோரா மிலானோவில் இருக்கும் மகளிடம் புறப்பட்டார். தோட்டத்து மீன்குளத்துப் பம்ப்பை எடுத்து "செக்கியோ"வில் வை என்றார். செக்கியோ என்றால் வாளி. தண்ணீர் நிறைந்த வாளிக்குள் கிடந்தால்தான் அதன் ரப்பர் வெடிக்காதாம். எனக்குக் கேட்டதோ "செக்கோ", அதாவது உலர்ந்தது. இத்தாலியன் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லித் திரிந்தவன் திருப்பிக் கேட்பேனா? பம்ப்பைக் கழுவி, மொட்டை மாடியில் மிளகாயோடு காயப்போட்டு, நல்லெண்ணெய் பூசி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். "இஞ்சாருங்கோ, தண்ணிக்குள்ளை கிடக்கிற சாமானை ஏன் கருவாடாக்கிறியள்?" என்று என் மனைவி குகனேஸ்வரி கேட்டாள். "உனக்குப் பாஷை தெரியாது, பேசாமல் இரு" என்றேன்.

போன ஞாயிறு சிஞ்ஞோரா விருந்தாளிகளோடு வந்தார். பம்ப்பைக் குளத்தில் இறக்கி சுவிச்சைப் போட்டேன். ஒரு உறுமல், வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது, தண்ணீரில் நல்லெண்ணெய் படர்ந்து மீன்களெல்லாம் வாயைத் திறந்து திறந்து என்னைப் பார்த்தன. "நான் செக்கியோ எண்டெல்லோ சொன்னனான்!" என்று அவர் கத்தினார். "ஓம் சிஞ்ஞோரா, செக்கோ, செக்கோ! நல்லாய்க் காயவைச்சனான்" என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு வாளியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். விருந்தாளிகள் சிரித்தார்கள். அந்த வாளிக்குள்ளேயே தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது, அத்தான். "தில்லை வரட்டும், கதைக்கிறன்" என்றதோடு அவர் உள்ளே போய்விட்டார்.

இத்தனை வருடம் நீங்கள் சேர்த்த நல்ல பெயரை ஒரே மாரிகாலத்தில் கெடுத்தேன். வெட்கம் என்னைத் தின்கிறது. மன்னித்துவிடுங்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், நல்லூரான் உங்களுக்குத் துணை, எனக்கு இனி எப்படியோ.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மைத்துனன்
விதுரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் சிஞ்ஞோரா கூப்பிட்டு, கீழறையைத் திறந்து காட்டினார். வரிசையாகச் செத்த பம்ப்புகள், எல்லாம் நீங்கள் காயவைத்தவை! "தில்லை நல்ல மனுசன், மனம் நோகுமெண்டு வருசா வருசம் புதுசு வாங்கிப்போட்டுப் பேசாமல் இருந்தனான். கெதியாய் வரச்சொல்லு, பம்ப்பை இனி நான் பாக்கிறன்" என்றார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று: ஒவ்வொரு பம்ப்பும் பச்சைப் பட்டுத் துண்டில் சுற்றியிருந்தது. களவு போய்விட்டதென்று அக்கா இன்றைக்கும் அழுகிற அதே காஞ்சிபுரச் சேலை. அவவிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டா?