இருபத்தேழு டப்பாவும் ஒரு போர்வையும்

துணித்துண்டு அடுக்கிகள் என்றோர் இனம் இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? தெரியாமல் என்ன! உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். வீட்டில் தையல் மிஷினைப் பார்த்துவிட்டு, தைப்பவர் என்று நம்பி ஜாக்கெட் துணியோடு போயிருப்பீர்கள். அவர் அதைத் தடவிப் பார்த்து, "எங்க வேணா தைக்கக் குடுங்க, மிச்சம் விழறதை மட்டும் எனக்குக் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். இவர்கள் தைப்பவர்கள் அல்லர். தைக்கப் போகிறவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆயுளே அடங்கும்.

இந்த இனத்தின் நோக்கத்தில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வீணாகப் போகிற துண்டுகளைச் சேர்ப்பது, அவற்றைச் சின்னச் சின்ன ஒட்டுப்போர்வைகளாகத் தைப்பது, போர்த்த வகையில்லாத குழந்தைகளுக்குக் கொடுப்பது. இதைவிட நல்ல காரியம் உண்டா? இல்லவே இல்லை. ஆனால் சேர்ப்பதற்கும் தைப்பதற்கும் இடையில் 'பிரித்து அடுக்குவது' என்று ஒரு படி இருக்கிறது பாருங்கள், அதில் கால் வைத்தவர்கள் யாரும் இதுவரை அந்தப்பக்கம் இறங்கியதாகத் தகவல் இல்லை.

மைசூர் குவெம்புநகரில் என் எதிர்வீட்டில் இருக்கும் மகேஸ்வரி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கணவர் பாலனுக்கு இட்லி வைத்த கையோடு மாடிக்குப் போய், டெய்லர் கடையிலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு துண்டையும் அலசி, சாயம் போகிறதா என்று வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டு, இரண்டு விரல் அகலம்கூட இல்லாத துணுக்குக்கும் இஸ்திரி போட்டு, முதலில் நிறவாரியாக, பிறகு அளவுவாரியாக, பிறகு பூப்போட்டது கட்டம்போட்டது என்று பிரித்து, தசரா பொருட்காட்சியில் வாங்கிய மூடிபோட்ட டப்பாக்களில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுவார். இருபத்தேழு டப்பா. பாலனின் சட்டைகளுக்கு பீரோவில் இடமில்லை. அவை கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில் வசிக்கின்றன. டப்பா ஒவ்வொன்றும் ஜன்னலோரமாக, காற்றோட்டமாக இருக்கிறது.

சீட்டில் என்ன எழுதியிருக்கும்? 'நீலம்' என்று இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? போங்கள் ஐயா. 'மயில்கழுத்து, கொள்ளேகால் அத்தை அனுப்பியது, பட்டு, தொடாதே.' 'அஷ்வினி நிச்சயதார்த்த ஜாக்கெட் மிச்சம், யோசித்து வெட்டவும்.' யோசித்து வெட்டவும்! மூன்று வருடமாக யோசனை நடக்கிறது. அந்த அஷ்வினிக்கு இரண்டாவது குழந்தையே பிறந்துவிட்டது.

தனி மனிதராக இருந்தால் என்றைக்காவது சலித்துப்போய்த் தைத்துத் தொலைத்துவிடுவார்கள். அந்த ஆபத்து வராமலிருக்க ஒரு வாட்ஸ்அப் குழு வேண்டும். இவர்களுடையதற்கு 'அன்புப் போர்வை' என்று பெயர். நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். அடுக்கிய டப்பாவைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். மற்ற நாற்பத்து இரண்டு பேரும் கை கூப்புவார்கள். மூன்று வருடத்தில் இந்தக் குழு தைத்து முடித்த போர்வைகள் மொத்தம் ஒன்றரை. அந்த ஒன்று, குழுவின் விதிமுறை தெரியாத யாரோ ஒருவருடைய மாமியார் தைத்தது. அரை இன்னும் போட்டோவுக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

யாராவது, "எப்பம்மா தைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டால், இந்த இனத்துக்கு ஒரே பதில்தான். எங்கள் ஊரில் அதைக் கன்னடத்தில் சொல்வார்கள்: "ஆமேலே நோடணா." அப்புறம் பார்க்கலாம். இதைச் சொல்லும்போது கை மட்டும் நிற்காது; ஒரு துண்டை நீவிக்கொண்டே இருக்கும்.

இப்படியே நிம்மதியாகக் காலம் போயிருக்கும். நாச்சம்மாள் வந்து கெடுத்தாள்.

மகேஸ்வரி அம்மாள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் மூன்று மாடிக் கட்டடம் எழும்புகிறது. அங்கே தகர ஷெட்டில் இருக்கும் கொத்தனாரின் மனைவி அவள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரி. செப்டம்பரில் ஏழு மாத வயிற்றோடு தண்ணீர் பிடிக்க வந்தவளிடம், மகேஸ்வரி அம்மாள் மனம் உருகி, "உன் கொழந்தைக்கு என் கையால ஒரு போர்வை தெச்சுத் தரேன். சத்தியமா" என்று சொல்லிவிட்டார். ஊர் பேர் தெரியாத குழந்தைகளுக்குத் தைக்கப் போவதாக இருந்தவரை தொல்லையில்லை. இந்தக் குழந்தையோ காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கமே பிறக்கப் போகிறது. மாட்டிக்கொண்டார்.

தைக்க உட்கார்ந்தார் என்று சொல்ல ஆசைதான். பிரித்து அடுக்க உட்கார்ந்தார். போர்வையின் ஓரத்துக்குக் கடலைமாவு மஞ்சளில் பட்டி வேண்டுமாம். வேறு மஞ்சள் கூடாதாம். அவரிடம் எலுமிச்சை மஞ்சள் இருந்தது, செவ்வந்தி மஞ்சள் இருந்தது, பலாச்சுளை மஞ்சள் ஒரு டப்பா நிறைய இருந்தது. கடலைமாவு மட்டும் இல்லை. தேவராஜ மார்க்கெட் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு துண்டைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, "இது கடலைமாவா, சாம்பார்பொடியா?" என்று கேட்டார். இரண்டு நாள் பெரும் விவாதம். இதற்கிடையில் நாச்சம்மாள் பெண் குழந்தை பெற்றுக்கொண்டாள். அவளுக்கு யாரும் விவாதிக்கச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

டிசம்பரில் எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியாது. தகரக் கூரையில் பனி சொட்டும். ஒருநாள் காலை நான் பேப்பர் கடன் வாங்க எதிர்வீட்டுக்குப் போயிருந்தபோது, நாச்சம்மாள் நாற்பத்தைந்து நாள் குழந்தையைப் புருஷனின் லுங்கியில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். குழந்தையின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"ஏனுங்க்கா, போர்வெ ஆச்சுங்களா? ராத்திரியெல்லாம் நடுங்குதுங்க புள்ள. கதகதன்னு எதாச்சும் இருந்தாப் போதுமுங்க."

மகேஸ்வரி அம்மாளின் முகம் சுண்டிப்போனது. 'ஆமேலே' என்று வாய் திறந்தது. குழந்தை தும்மியது. வாய் மூடிக்கொண்டது. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது, பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"ஆகலைன்னு இல்லம்மா... எல்லாம் ரெடியா பிரிச்சு வெச்சிருக்கேன். உள்ள வா, காட்டறேன்" என்றார்.

இருபத்தேழு டப்பாவும் கூடத்தில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. குழுவாக இருந்தால் கை கூப்பியிருக்கும். நாச்சம்மாள் கை கூப்பவில்லை. "செத்த புடிங்க்கா" என்று குழந்தையை மகேஸ்வரி அம்மாளின் இரண்டு கையிலும் வைத்துவிட்டு, மூடிகளைப் படபடவென்று திறந்தாள்.

"இது நல்லாருக்குதுங்க. இதும். அட, இது சில்லுன்னு இருக்குது, பட்டு வேண்டாம்."

"அம்மாடி! அது ஏழாம் நம்பர் டப்பா! அதை ஒம்பதோட வெக்காதே!"

"வெச்சா என்னங்க ஆகும்?"

இந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் யாரும் கேட்கவில்லை.   மகேஸ்வரி அம்மாளுக்கு ஓடிப்போய்ப் பிடுங்கலாமென்றால் கை நிறையக் குழந்தை. சண்டை போடுவதற்குக்கூடக் கை வேண்டுமே, என்ன செய்வார்? "என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று கணவரைப் பார்த்துக் கத்தினார். பாலன் என்ன செய்தார் தெரியுமா? உறையை எடுத்துவிட்டு மிஷினுக்கு எண்ணெய் விட்டார். அந்த மனிதர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"நான் கார்மெண்ட்ஸ் கம்பெனில ரெண்டு வருஷம் காலர் தெச்சனுங்க" என்று சொல்லிக்கொண்டே நாச்சம்மாள் மிஷினில் உட்கார்ந்தாள். அடுத்த கணம் கடகடகட! பூவோடு கட்டம் சேர்ந்தது, கட்டத்தோடு கோடு சேர்ந்தது, யோசித்து வெட்ட வேண்டிய அஷ்வினியின் ஜாக்கெட் மிச்சம் யோசிக்காமலே வெட்டுப்பட்டு யாரோ ஒருவரின் பள்ளிக்கூடச் சீருடையோடு கைகோத்துக்கொண்டது. உள்ளே வைக்கப் பழைய வாயில் புடவையைப் பாலனே கொண்டுவந்து கொடுத்தார். மகேஸ்வரி அம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஐயோ பதினொண்ணு! ஐயோ இருபத்திரண்டு!" என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். அந்த நடையில் குழந்தை சுகமாகத் தூங்கியே போய்விட்டது.

எழுந்ததும் தன் வேலையைக் காட்டியது. "துணி, துணி!" என்று மகேஸ்வரி அம்மாள் அலற, பாலன் கைக்கு அகப்பட்ட வெள்ளைத் துண்டொன்றை எடுத்து நீட்டினார். இஸ்திரி போட்ட, சாயம் சோதித்த, முதல் தரமான வெள்ளை. துடைத்துவிட்டு அம்மாள் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.  அசல் கடலைமாவு மஞ்சள். எலுமிச்சை இல்லை, செவ்வந்தி இல்லை, மூன்று மாதமாகக் கடை கடையாகத் தேடிய அதே மஞ்சள். இந்த வீட்டு முற்றத்தில் நாற்பத்து மூன்று பேரும் கூடி நின்று கை கூப்பியிருக்க வேண்டிய தருணம்.

முதலில் சிரித்தது மகேஸ்வரி அம்மாள்தான். உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. "புள்ள நடுங்கிட்டு இருந்திருக்கு. நான் மஞ்சள் தேடிட்டு இருந்திருக்கேன்" என்றார். நாச்சம்மாள், "அட உடுங்க்கா, பட்டிக்குப் பச்சை வெச்சுட்டனுங்க" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் போர்வை முடிந்தது. ஒரு மூலை கொஞ்சம் கோணல். குழந்தையை அதில் சுற்றியதும் கோணல் உள்ளே போய்விட்டது. சிவந்த மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. வாசல் வரை போன நாச்சம்மாள் திரும்பி, "ஷெட்டுல இன்னும் ஆறு கொழந்தைங்க இருக்குதுங்க்கா. நாளைக்கும் வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

மகேஸ்வரி அம்மாள் கூடத்தைப் பார்த்தார். டப்பாக்கள் வாயைப் பிளந்து கிடந்தன. ஏழு எது, ஒன்பது எது என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.  'ஆமேலே' வரப்போகிறது என்று நினைத்தேன்.

"வா" என்றார். "ஆனா கொழந்தையை நான்தான் வெச்சுக்குவேன். டப்பாவை மட்டும் என் கண்ணெதிர்ல தொறக்காதே."

ஆறும் தயார். அதற்கு மேலும் ஒன்று மிஷினில் இருக்கிறது. குழுவில் போட்டோ போட்டதற்கு இரண்டே பேர்தான் கை கூப்பினார்கள்; மற்றவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள். மிச்சம் விழுந்த துணுக்குகளுக்கு மகேஸ்வரி அம்மாள் இருபத்தெட்டாவதாக ஒரு டப்பா வாங்கியிருப்பதைப் பாலன் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். போகட்டும், விடுங்கள்.

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். படிக்கும்போதே, 'அட, இது அப்படியே நம்ம நாத்தனார்! இதை வெட்டி எடுத்து வைத்து, அவள் வரும்போது காட்ட வேண்டும்' என்று நினைத்தீர்கள் அல்லவா? தாராளமாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் மூன்றாவது இழுப்பறையில், பழைய நூல்கண்டுகளுக்கும் அறுந்த பொத்தான்களுக்கும் அடியில் இருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். வெட்டியதை எந்த டப்பாவில் வைக்கப் போகிறீர்கள்?