அண்ணனுக்கு நான் செய்து வைத்த முதல் கல்யாணம்

ஒரு குடும்பக் கடைக்கு விளம்பரம் செய்யும் பொறுப்பை, அந்த வீட்டில் எப்போதும் கைப்பேசியும் கையுமாக இருக்கும் ஆளிடம்தான் கொடுப்பார்கள். திறமை பார்த்துக் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு மாலைக் கடை. அப்பா கட்டும் கல்யாண மாலையைத் தெரியாதவர்கள் கோலாலம்பூரிலேயே இல்லை (இது அப்பா சொன்னது). ஆனால் இப்போது கல்யாண ஜோடிகள் கைப்பேசியில் படத்தைக் காட்டித்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள். எங்களிடம் காட்டிய படமெல்லாம் எதிர்க்கடைக்காரர் போட்டது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "நீயும் கடைக்கு இணையத்துல ஒரு பக்கம் தொடங்கு, ஐஸ்வரி" என்றார்.

முதலில் மாலையைப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போட்டுப் படம் எடுத்தேன். (நாற்காலி காலமாகிவிட்ட மாதிரி இருந்தது என்று பிறகு ஒரு தோழி சொன்னாள்.) சரி, மனிதர்கள் வேண்டும். கையருகே இருந்த மனிதர் என் அண்ணன் சேகர், கடை வேனில் பூ கொண்டுபோய்க் கொடுப்பவன். மணப்பெண்ணாக, மாடியில் பெண் அலங்காரக் கடை வைத்திருக்கும் மலர் அக்காவைப் பிடித்தேன்.

அண்ணனுக்கு அப்போது உண்மையாகவே பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் பள்ளி ஆசிரியை, பெயர் கவிதா. கேரி தீவில் இருக்கும் எங்கள் ராஜம் அத்தை கொண்டுவந்த இடம். போட்டோ மட்டும்தான் கைமாறியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

"மொகம் தெரியாம எடு லா" என்றான் அண்ணன்.

"சரிண்ணே" என்று சொல்லி முகத்தைத்தான் எடுத்தேன். 'இன்று முதல் இருவரும் ஒருவர்' என்று எழுதி, அண்ணன் பெயரையும் சேர்த்துப் போட்டேன். கடையின் பெயர் கீழே எறும்பு சைஸில் இருந்தது.

அன்று மாலைக்குள் படம் பறந்தது. கீழே வாழ்த்துகள் வாழ்த்துகள் என்று வந்துகொண்டே இருந்தது. கடையைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். ராஜம் அத்தை, "ஒரு வார்த்தை சொல்லலியே" என்று எழுதியிருந்தார். "திடீர்னு முடிவு பண்ணோம் அத்தை" என்று பதில் போட்டேன். அன்று என்னைவிடச் சந்தோஷமான ஆள் பிரிக்பீல்ட்ஸில் இல்லை.

மறுநாள் காலை ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். அப்பாவிடம் கைப்பேசியை நீட்டினார்.

"இது உங்க கடையா?"

"ஆமா பாஸ். நம்ம மாலைதான்" என்றார் அப்பா, பெருமையாக.

"மாப்பிள்ளை யாரு?"

"என் மகன்."

"பொண்ணு?"

"மாடியில இருக்கு. கூப்பிடவா?"

"வேணாம்." பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்ப நடந்துச்சு?"

"நேத்துதான். அரை மணி நேரத்துல முடிச்சிட்டோம், செலவே இல்ல" என்ற அப்பா, வியாபார ஆர்வத்தில் நிறுத்தாமல் போனார். "இது புடிக்கலன்னா அடுத்த மாசம் ரோஜா மாலை வருது. அதுக்கு வேற பொண்ணு பாத்து வச்சிருக்கோம். மாப்பிள்ளை அதே ஆளுதான்."

பெரியவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தார். "நான் கிள்ளான்லேருந்து வரேன். கவிதாவோட அப்பா."

அப்பாவின் கையிலிருந்த மல்லிகைச் சரம் அப்படியே நின்றது. அவர் சமாளித்துக்கொண்டு பேச வாய் திறப்பதற்குள் பெரியவர் காரில் ஏறிவிட்டார். அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சாமந்திக் கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அண்ணன் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் பூ வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை. "எனக்கு அந்தப் பொண்ண ரொம்பப் புடிச்சிருந்துச்சு" என்று மட்டும் சொன்னான். அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அதன் பிறகுதான் நான் செய்த காரியம் உறைத்தது.

உடனே கிள்ளானுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். சாட்சிக்கு மலர் அக்காவையும் அழைத்தேன். (இதுவும் என் யோசனைதான்.) அவர் ஒரு கல்யாண வேலையிலிருந்து நேராக வந்தார், பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக. பூ வேனின் முன்சீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

கதவைத் திறந்த கவிதாவின் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "என்னங்க, ஜோடியாவே வந்திருக்காங்க."

மலர் அக்கா முன்னால் போய், "ஆன்டி, எனக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சு" என்றார்.

"தெரியும்மா. படத்துல பாத்தோமே."

"ஐயோ, அது இவரோட இல்ல ஆன்டி. வேற ஒருத்தரோட."

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நல்லவேளையாகக் கவிதா வெளியே வந்தார். "நான்தான் நேத்தே சொன்னேனேப்பா, இது மாலைக் கடை விளம்பரம்னு" என்றார், பின்னால் வந்த தன் அப்பாவிடம்.

"நீ மனசு உடைஞ்சு பேசறேன்னு நெனச்சேன்" என்றார் பெரியவர். "அவங்க அப்பா வேற, அடுத்த மாசம் இன்னொரு பொண்ணுன்னாரு."

கவிதா படத்தை அண்ணன் பக்கம் திருப்பிக் காட்டினார். "கல்யாண மாப்பிள்ளை மொகமா இது? எதுக்கு இப்படி வச்சிருக்கீங்க?"

அண்ணன் முதல்முறையாக அவரிடம் பேசிய வார்த்தை இதுதான்: "இவங்க என் கால மிதிச்சிட்டிருந்தாங்க."

கவிதா சிரித்தார். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கோப்பி வந்தது. அந்த வீட்டில் கோப்பி வந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஆவணியில் கிள்ளானிலேயே கல்யாணம் நடந்தது. அந்தப் படத்தையும் எங்கள் இணையப் பக்கத்தில் போட்டேன். பொய்க் கல்யாணத்துக்கு விழுந்த லைக்கில் பாதிகூட விழவில்லை. "ரெண்டாவதா?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டிருந்தார். முதல் படத்தை அழிக்க அப்பா விடவில்லை. அதைக் காட்டித்தான் இன்னும் ஆர்டர் வருகிறது.

அதனால் இன்றுவரை ஒவ்வொரு ஆண்டும் அந்தப் படம் போட்ட நாளில் ராஜம் அத்தை மறக்காமல் கேரி தீவிலிருந்து போன் போட்டுத் திருமண நாள் வாழ்த்துச் சொல்கிறார். எத்தனை முறை விளக்கியும் பயனில்லை. இப்போதெல்லாம் அண்ணிதான் போனை எடுக்கிறார்.

"அது மூத்த தாரத்தோடது அத்தை" என்கிறார். "எங்களோடது ஆவணியில."