ஓட்டை ஐந்தும் சரியாகத்தான் இருந்தன

எண்ணத் தெரியாதவர்களால் பெரிய ஆபத்து எதுவும் வருவதில்லை. எண்ணி முடித்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டது என்று நம்புகிறவர்களால்தான் வரும். நான் கண்டியில் கணக்கு வாத்தியார். நான் எந்த வகை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் மனைவி ஜெயந்தி தையல் வேலையை விட்டுவிட்டு, எங்கள் பழைய வேனைப் படுத்துத் தூங்கும் வேனாக மாற்றினாள். கட்டில், குட்டி அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, அவளே தைத்த திரைச்சீலை எல்லாம் வைத்தாயிற்று. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். முதல் பதிவும் வந்துவிட்டது: யாழ்ப்பாணத்திலிருந்து ஓய்வுபெற்ற தம்பதி, நுவரெலியாவுக்கு மூன்று நாள். (ஓட்டுநர் நான். துணிச்சல்காரி!)

"இது மட்டும் நல்லா நடந்துட்டா போதுங்க. அவங்க நாலு பேர்கிட்ட சொல்வாங்க" என்று ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கமே இல்லை. பழைய ரிம்கள் துருப்பிடித்ததால் டயர்களில் காற்று இறங்கிக்கொண்டேயிருந்தது. ரிம்களை மாற்றுவது மட்டும் என் பொறுப்பு.

அக்குறணையில் ஒரு பழைய உதிரிப்பாகக் கடையில் நான்கு அலோய் ரிம்கள், அகலமான டயர்களோடு பளபளவென்று நின்றன. பார்த்ததுமே மனம் பறிகொடுத்தேன்.

"வேன கொண்டு வாங்க சேர், மாட்டிப் பார்த்துட்டு எடுங்க" என்றார் கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). "இது கார் ரிம். உங்கட வேன்ல கட்டில், தண்ணியெண்டு பாரம் ஈக்குது தானே?"

"போல்ட் மாட்டுற ஓட்டை அஞ்சு, எங்க வேன் மாதிரியே. இடைவெளியும் அளந்துட்டேன். நான் பள்ளிக்கூட வாத்தியாராக்கும்" என்று சட்டைப் பையிலிருந்த அடிமட்டத்தைக் காட்டினேன்.

"ஓட்ட மட்டும் சரிவந்தா காணாது சேர். ரிம் உள்ளுக்கு எவ்வளவு போகுது, வெளிய எவ்வளவு தள்ளுது, எவ்வளவு பாரம் தாங்கும், எல்லாம் பார்க்கணும்."

கணக்கு வாத்தியாருக்கே கணக்கா? விடுவேனா! மனதுக்குள் சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்து வாங்கிவிட்டேன். தவிர, மாட்டிப் பார்க்க வழியும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்துக்கு முன்னால் புதுச் சக்கரம் வண்டியில் படக்கூடாது என்று மாமியார் நாள் குறித்திருந்தார். (நான் பரீட்சை வைக்காமலே பாஸ் போட்ட முதல் ஆள் இந்த ரிம்தான்.)

வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில், நானும் மச்சானும் சக்கரங்களை மாட்டினோம். வீட்டிலிருந்து கோயில் வரை நேர் ரோடு. வேன் அழகாகப் போனது. பூசை முடிந்தது. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ராசியான முதல் பயணம் என்று சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் உள்ளே ஏறிக்கொண்டார்கள்.

"வலப்பக்கம் நல்லா ஒடிச்சு எடுங்க" என்றார் ஐயர்.

ஒடித்தேன். கர்ர்ர் என்று ஒரு சத்தம். சாம்பிராணியை மீறி ரப்பர் கருகும் வாசனை. பாரத்தில் அமுங்கியிருந்த வேனின் முன் டயர், மட்கார்டுக்குள் போய் இறுகிக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

மச்சான் இறங்கிக் குனிந்து பார்த்தான். "நாலு எலுமிச்சம்பழமும் உசுரோட இருக்கு. நல்ல நேரம் அதுகளுக்குத்தான் போல."

அந்த நேரம் பார்த்து ஒரு த்ரீவீலரில், அன்றைக்கே நுவரெலியா புறப்படவிருந்த யாழ்ப்பாணத் தம்பதி பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

ஜெயந்தி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கண் கலங்கி, "எல்லாத்தையும் நான்தான் பாத்தேன். உங்ககிட்ட விட்டது வெறும் நாலு சக்கரம்ங்க" என்றாள். வெட்கமாக இருந்தது. இன்றைக்கு எழுதும்போதும் இருக்கிறது.

ஒன்பது பேரையும் இறக்கி, ஜாக்கி வைத்துச் சக்கரத்தை விடுவித்தோம். ஜெயந்தி பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வீட்டிலிருந்து பழைய சக்கரங்களை ஒவ்வொன்றாக ரோட்டில் உருட்டி வந்தாள். விருந்தாளி அம்மா கோயில் படியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டபடி, "அவசரமில்லைப் பிள்ளை, ஆறுதலாச் செய்யுங்கோ. எங்களுக்கும் பொழுது போகுது" என்றார்.

அவற்றை மாட்டி, வழியெல்லாம் காற்றடித்துக் காற்றடித்து, விருந்தாளிகளோடு எல்லோருமாக அக்குறணைக்கு ஊர்ந்தோம். கடைக்கார நானா எதையும் குத்திக்காட்டவில்லை. பழைய ரிம்மை அளந்து, பாரம் தாங்கும் இரும்பு ரிம்களைத் தேடி எடுத்து மாட்டினார். எங்களை எல்லாம் உள்ளே உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்தார். எங்குமே உரசவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"சேர் இஸ்கூல்ல என்ன படிப்பிக்கிற?"

"சமூகக்கல்வி" என்றேன்.

பின்னாலிருந்து முதலில் சிரித்தது ஜெயந்தி. காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நுவரெலியா போய்ச் சேரும்வரை விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

அவள் ஆசைப்பட்டபடியே அவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். நாற்பது பேரிடமே சொல்லியிருப்பார்கள். இப்போது வேன் கேட்டு வரும் அழைப்புகளில் பாதி, "அந்தச் சமூகக்கல்வி சேர்தானே வேன் ஓடுறவர்?" என்றுதான் ஆரம்பிக்கிறது. மறுத்துச் சொல்ல ஜெயந்தி விடுவதில்லை. "ஆமாங்க, அவரேதான்" என்று சொல்லிப் பதிவை எழுதிக்கொள்கிறாள்.