நெய் விட்ட பட்டினி

காலை ஐந்தே காலுக்கு நெய்ப் போத்தலைத் திறந்தேன். எல்லாம் கெட்டது அப்போதுதான்.

மகள் சரோஜாவுக்கு அன்று பதினேழு வயது. ஒரு வருடமாக முகம் ஊதிக்கொண்டே வந்தது. அரைத் தட்டுச் சோறு தின்றாலும் உடம்பு பெருத்தது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். எங்கள் டயகமத் தேயிலை மலைக் குளிரில் எல்லோரும் நடுங்குவதைவிட இரண்டு மடங்கு நடுங்கினாள். ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பேசியது. தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான நானோ சோம்பேறித்தனம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். நுவரெலியா டாக்டர்தான் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னு பார்க்கணும். ராத்திரியில இருந்து பட்டினியா இருக்கட்டும்" என்றார்.

எங்கள் வீட்டில் பட்டினி கிடப்பது விரதத்துக்கு மட்டும்தான். விரதத்தில் சோறு கிடையாது, மற்றதெல்லாம் உண்டு. (விரதமிருந்து எங்கள் வீட்டில் யாரும் இளைத்ததில்லை.) ஆகவே பால், வாழைப்பழம், நெய் மிதக்கும் ரவைக் கேசரி.

"ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுதானே டாக்டரு சொன்னாரு?" என்றாள் மனைவி பார்வதி.

"சோறா குடுக்கிறேன்? பஸ்ஸுல மயங்கி விழுந்தா நீயா தூக்குவ? படிச்சவன் எனக்குத் தெரியாதா?"

சரோஜா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். நான் திட்டாமல் அவளுக்குத் தின்னக் கொடுத்து வெகுகாலமாகியிருந்தது.

டாக்டர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்தி வைத்தார். சிவப்பு அடியில் தங்கியது. மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டுமாம். நின்றதோ வெள்ளை வெளேரென்று பால்! வாங்குப் பலகையில் இருந்த நான் எழுந்துவிட்டேன். பிள்ளையின் இரத்தமே பாலாகிவிட்டதே! ஒவ்வொரு கோயிலாக நேர்ந்துகொள்ளத் தொடங்கினேன்.

"மாஸ்டர், பட்டினிதானே?"

"ஒரு பருக்கை தொடலீங்க."

"கேசரி நல்லா இருந்துச்சு டாக்டர்," என்றாள் சரோஜா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு மாஸ்டர். அது மெதுவா வேலை செஞ்சா உடம்பே மெதுவாகும். இரத்தத்துல உள்ள கொழுப்பை ஈரல் சரியா அகற்றாது, தேங்கிப்போகும். இப்ப இதுல எது சுரப்பிக் கொழுப்பு, எது உங்க மாட்டுக் கொழுப்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

அடுத்த வாரம் உண்மையான பட்டினி. பார்வதி சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். பால் வெள்ளை போயிருந்தது. ஆனாலும் கொழுப்பு கூடுதல்தான்.

"சோம்பேறி இந்தச் சுரப்பிதான் மாஸ்டர், புள்ள இல்ல," என்று டாக்டர் மாத்திரை எழுதினார்.

சரோஜா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தண்டனை போதும் எனக்கு.

சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. மலைப்பாதையில் என்னை முந்தினாள். இன்றும் அவள் கொட்டாவி விட்டால் மாத்திரை போட்டாளா என்று கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் எனக்கு நெஞ்சு கனத்தது. என் இரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார் அதே டாக்டர். பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில், ஹட்டனில் கட்டிக்கொடுத்த சரோஜா வந்து சேர்ந்தாள். பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்குப் போனாள். நெய்ப் போத்தலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"விரதமெல்லாம் வேணாம்ப்பா, இன்னைக்கு வெறும் பட்டினி. எங்க, வாயைத் தொறங்க பாப்போம்."