விசில் அக்கா ஊதாத நாள்

காஞ்சிபுரத்துக்கு வந்து சிற்பத்தைத் தடவிப் பார்க்க நினைத்த ஒரு கைகூட விசில் அக்காவிடமிருந்து தப்பியதில்லை. அமைச்சர் கை, அமெரிக்கக் கை, மருதாணி போட்ட கல்யாணப் பெண்ணின் கை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். கல்லுக்கு ஓரடி தூரத்தில் விரல் வந்தால் போதும், பிரகாரத்தின் எந்த மூலையில் நின்றாலும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் ஊதினால் கோயில் புறாக்கள் அத்தனையும் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத்தான் திரும்பும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் விசில் அக்கா. கூரத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருகிற ஒப்பந்தக் காவலாளி. புடவைக்கு மேல் நீலச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் விசில். நானோ அந்தப் பழைய மணற்கல் கோயிலுக்குப் பார்வையாளர் திட்டம் போட வந்த குழுவில் ஒருவன். வருகிறவர்கள் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும், விளக்கப் பலகையில் என்ன எழுத வேண்டும், இத்தனை பேர் வந்தும் கோயில் தேயாமல் இருக்க என்ன வழி என்றெல்லாம் யோசிப்பது என் வேலை.

அப்படி யோசித்துக்கொண்டே முதல் நாள் சிங்கத் தூணில் சாய்ந்தேன். காதுக்குப் பக்கத்தில் விசில். துள்ளி விழுந்தேன்.

"இன்னாபா நீயி, படிச்ச புள்ளையாட்டம் இருக்கிற, உங்க ஊட்டு செவுருன்னு நெனச்சிக்கினியா?" என்று என் முதுகைத் தடவி, விரலில் ஒட்டிய மணலைக் காட்டினார். "பாத்தியா? இவ்ளோ வருசமா நிக்கிற சிங்கத்த நீ சட்டைல தூக்கிக்கினு போற."

சட்டையைக் கழற்றி, அந்தத் தூணடியிலேயே உதறிவிட்டுப் போகச் சொன்னார். உதறினேன். வேறென்ன செய்வது?

ஒரு முறை கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளை தூணில் ஒரு கை, பெண்ணின் தோளில் ஒரு கை என்று நின்றார். அக்கா ஊதினார். பயத்தில் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டார். அக்கா மூச்சு விடாமல் ஊதினார். அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளை எல்லாப் படத்திலும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார் என்று போட்டோகிராபர் பிறகு வந்து அழுதார். வீட்டில் ஐந்தாவது இட்லிக்குக் கை நீட்டினாலும் விசில்தான் என்று அக்காவின் கணவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் விளக்கப் பலகைகளையும் அவர் விடவில்லை. பல்லவர் வரலாற்றையே அடக்கி, அழகாக வரிசையாக நட்டிருந்தோம். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இத்த யாருபா படிப்பாங்க? பதினோரு மணிக்கெல்லாம் தரை கொதிக்குது. செருப்பில்லாத ஜனம் ஓடிக்கினு இருக்குது. ஓடுறவன் நின்னு படிப்பானா? அந்தாண்ட வேப்பமர நெழல்ல வைய்யி. அங்கதான் குந்திக்கினு தண்ணி குடிப்பாங்க."

ஆறு மாதம் ஆய்வு செய்து நாங்கள் கண்டுபிடிக்காததை வெற்றிலை மென்றுகொண்டே சொல்லிவிட்டார். பலகைகள் நிழலுக்குப் போயின. ஜனங்கள் படித்தார்கள். அறிக்கையில் நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன், அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

அப்புறம்தான் வினை வந்தது. யாரோ ஒரு பயணி இணையத்தில், 'சிற்பம் அருமை, செவிப்பறை போச்சு' என்று எழுதிவிட்டார். மேலதிகாரி ஒரு யோசனையோடு வந்தார். தரைக் கல்லைத் துளைத்துச் சிற்பங்களுக்கு முன்னால் இரும்புக் கிரில் போட்டுவிடலாம், காவலுக்கு ஆள் தேவையில்லை. நாங்கள் கெஞ்சியதில் ஒரே ஒரு நாள் கொடுத்தார். அன்று விசில் ஊதக்கூடாது. அப்படியும் யாரும் கல்லைத் தொடவில்லை என்றால் கிரில் வேண்டாம். தொட்டால் கிரில் வரும், அக்கா வீட்டுக்குப் போவார்.

அக்கா விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பத்தரமா வெச்சிரு" என்றார். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால், சிற்ப வரிசைக்கு முன்னால், மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் மூங்கில் கம்புகள். கம்புக்குக் கம்பு இடுப்பு உயரத்தில் அரக்குச் சிவப்பில் பட்டு நூல், நெசவுக்குத் தெருவில் பாவு நீட்டியிருப்பதுபோலவே நெடுக ஓடியது. தெரிந்த நெசவாளர் வீட்டில் மிச்ச நூல் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"அக்கா, இதைக் குழந்தை இழுத்தாலே அறுந்துடுமே!"

"எவனும் இழுக்க மாட்டான். நீ சும்மா குந்து."

தறிக்குப் போகும் முன் பட்டு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டும் ஊர் இது. பாவு நீட்டியிருந்தால் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளுவார், குழந்தையைத் தூக்கிக்கொள்வார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பே ஒதுங்கிவிடும். அன்று கோயிலிலும் அப்படியே ஒதுங்கியது. உள்ளூர்க்காரர்கள் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெங்களூர்க் கூட்டம் ஒன்று நெருங்கியதும் உள்ளூர் அம்மா ஒருவர், "பாவு போட்டுக்கீதுமா, அந்தாண்ட சுத்திப் போங்க" என்று பதறினார். அவர்களும் பயபக்தியோடு சுற்றினார்கள்.

மதியம் மேலதிகாரி வந்தார். நூலைப் பார்த்துச் சிரித்தார். "இதுவா உங்க பாதுகாப்பு? இதை ஒருத்தன் மதிப்பானா?" என்று சொல்லிக்கொண்டே சிற்பத்தை நோக்கி வேகமாக நடந்தவர், நூலுக்கு ஒரு முழம் முன்னால் சட்டென்று நின்றார். தோள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பக்கவாட்டில் ஒதுங்கி, பூனை நடை நடந்து, சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏன் சார் சுத்திப் போறீங்க?" என்றார் அக்கா.

"பாவு இருக்குதேம்மா..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் இந்த ஊரு பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் புள்ளை. பாவுல கை பட்டா எங்கப்பா தோலை உரிச்சுடுவாரு."

கிரில் வரவில்லை. ஒரு கல்லிலும் ஓட்டை விழவில்லை. அக்காவின் வேலை நிலைத்தது, நூலோடு விசிலும் இருக்கட்டும், ஆனால் மெதுவாக ஊத வேண்டும் என்று உத்தரவு. அந்தச் செய்தி வந்தபோது நான் விசிலை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை. போன மாதம் காஞ்சிபுரம் போனபோது நீலச் சட்டையை எங்கும் காணவில்லை. மனசு கேட்கவில்லை. நூலுக்கு மேலாகச் சிங்கத் தூணை நோக்கி மெதுவாகக் கையை நீட்டினேன். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஊதினார் பாருங்கள், புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன.

"வோணும்னே தான நீட்டுன? அதான் லேட்டா ஊதுனேன்."

காது இரண்டும் அடைத்துப்போய் நின்றேன். அப்படியொரு நிம்மதியை நான் எந்தச் சந்நிதியிலும் அனுபவித்ததில்லை.